திருகோணமலையிலிருந்து மொரீசியசுக்கு: எரிமலைத் தீவை முதன்முறை காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் மொரீசியஸ் தீவுக்குச் சுற்றுலா போவதாகச் சொன்னால், "அங்கேயும் கடல்தானே, நிலாவெளியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகவேண்டுமா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். என்னிடமும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்பதாலேயே இந்த வழிகாட்டியை அதற்குரிய விடையாக எழுதுகிறேன். விளம்பரங்கள் காட்டும் வெண்மணலும் கண்ணாடி போன்ற நீரும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் நடந்தே போகக்கூடிய நமக்குப் புதியவை அல்ல. நமக்குப் புதியவை எல்லாம் அந்தத் தீவின் நடுப்பகுதியிலும் தென்கரையிலும் இருக்கின்றன. அவிந்துபோன எரிமலை வாய்களும், தீக்குழம்பு உறைந்து நின்ற கரும்பாறைக் கரைகளும், பாறை மண்ணாகி நிறம் பிரிந்து கிடக்கும் மேடுகளும், அந்த மண்ணில் கரும்பு நடுவதற்காகக் கப்பலேற்றப்பட்ட தமிழர் எழுப்பிய கோவில்களும்தான் காண வேண்டியவை. ஏழு நாட்கள் கையில் இருந்தால் ஒன்றரை நாளைக் கடலுக்கும் மிகுதியை மலைக்கும் ஊர்களுக்கும் ஒதுக்குங்கள் என்பதே என் துணிந்த கருத்து.

தீவின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. மொரீசியசின் முதன்மைத் தீவு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நமது திருகோணமலை மாவட்டமோ 2,727 சதுர கிலோமீற்றர். அதாவது, ஒரு முழு நாடு நமது மாவட்டத்துக்குள் அடங்கிவிடும். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீற்றர் என்பதால், எங்கே தங்கினாலும் பார்க்க விரும்பும் இடத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஒவ்வோர் இரவும் விடுதி மாறவேண்டிய தேவையே இல்லை.

கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு கக்கப்பட்டுக் குவிந்து, ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டத்துக்கு மேல் எழுந்த தீவு இது. இதை உருவாக்கிய அதே வெப்பப்புள்ளியின், அதாவது பூமியின் ஆழத்திலிருந்து குழம்பு மேலெழும் இடத்தின், மேல்தான் இன்று பக்கத்துத் தீவான ரீயூனியன் இருக்கிறது; அங்கே எரிமலை இன்னும் உயிருடன் உள்ளது, மொரீசியசில் அது அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே புகையையும் நெருப்பையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி "நம்மிடமும் எரிமலை இருக்கிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வோர் ஊரில் உண்டு. கன்னியா நீர் சூடாவது எரிமலையால் அன்று. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயற்கை வெப்பத்தில் சூடேறி மேலே வருவதால். கோணேசர் மலையின் பாறையும் எரிமலைப் பாறை அன்று. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே காலடியில் கிடக்கும் துளைத்துளையான கருங்கல் ஒவ்வொன்றும் பொருளுடையதாகத் தோன்றும்.

முதற்படி: காலத்தைத் தெரிவு செய்தல்

மொரீசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்கு எதிர்மாறானவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும், மே முதல் ஒக்ரோபர் வரை குளிர்ச்சியும் வறட்சியும் நிலவும். புயல்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலேயே வரும். புயல் எச்சரிக்கை உயர்ந்தால் பஸ் ஓட்டமும் கடைகளும் நின்று, விடுதிக்குள்ளேயே இருக்க நேரும். நமக்கு இங்கே கச்சான் காற்று வீசுகின்ற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே தென்கிழக்குக் காற்று ஓயாது வீசுவதால், கிழக்குக் கரையில் மணல் முகத்தில் அடிக்கும். அப்போது மேற்குக் கரை அமைதியாக இருக்கும். முதன்முறை செல்பவருக்கு மே மாதத்தையோ, செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையான காலத்தையோ பரிந்துரைப்பேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தைப்பூசம் அந்நாட்டில் அரச விடுமுறை நாள். பத்து நாள் நோன்பிருந்து, பூக்களால் மூடிய காவடிகளைத் தோளில் ஏற்றி, அலகு குத்தி வீதிவழியே வரும் கூட்டத்தைக் காண விரும்புவோர், மழையையும் புயலையும் பொறுத்துக்கொண்டு அந்த நாட்களிலேயே போகவேண்டும்.

இரண்டாம் படி: ஆவணங்களும் பொதியும்

விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே விசா நடைமுறையையும், பயணத்துக்கு முன் நிரப்பவேண்டிய இணையப் படிவத்தையும் மொரீசியஸ் அரசின் தளத்தில் நேரடியாகப் படித்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கடவுச்சீட்டு காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கட்டும். புதுப்பிக்கவேண்டியவர்களுக்கு வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகம் நம் ஊரிலிருந்து போய்வர வசதியானது. மும்பை வழியாகவோ துபாய் வழியாகவோ மாறிச் செல்லலாம். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஹபரணை, குருநாகல் வழியாகப் போக நேரம் பிடிக்கும் என்பதால், விமானம் அதிகாலையில் என்றால் முதல் நாள் மாலையே நீர்கொழும்புக்குப் போய்த் தங்கிவிடுவது சிறந்தது. இரவு முழுவதும் வாகனத்தில் இருந்துவிட்டு விமானத்தில் ஏறினால், சென்று சேர்ந்த முதல் நாள் களைப்பிலேயே கழிந்துவிடும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்தங்கியது.

பொதியில் கட்டாயம் இருக்கவேண்டியவை சில. ஒரு கம்பளிச்சட்டையும் மழைச்சட்டையும் வேண்டும். வெப்பமண்டலத் தீவு என்று எண்ணி இவற்றை விட்டுச்செல்வதே நம்மவர் செய்யும் பெரும் தவறு. தீவின் நடு மேட்டுநிலம் கடலிலிருந்து 500 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஜூலையில் அங்கே மாலை வேளை நுவரெலியாவை நினைவூட்டும். கடலில் இறங்க இறப்பர்ச் சப்பாத்து வேண்டும், ஏனெனில் முருகைக்கல்லுக்கு இடையே கடல்முள்ளியும் கல்மீனும் இருக்கும். கல்மீனின் முள் நஞ்சுடையது. துணிப்பை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே கடைகளில் பிளாஸ்டிக் பைகள் 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மருந்துகளை வைத்தியரின் சிட்டையோடு எடுத்துச் செல்லவேண்டும். பழம், விதை, செடி, இறைச்சி ஆகியவற்றை அனுமதியின்றி உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அங்குள்ள உறவினருக்கென்று பனங்கிழங்கோ மாம்பழமோ கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாம் படி: தங்குமிடமும் வாகனமும்

கடற்கரை விடுதிகளை முகவர்கள் முதலில் காட்டுவார்கள். ஆனால் இந்த வழிகாட்டியின்படி சுற்றுவோர்க்கு மேட்டுநிலத்து ஊர்களான ரோஸ் ஹில், காத்ர் போர்ன், கியூர்பீப் ஆகியவற்றில் ஒன்றே வசதியானது. அறை வாடகையும் உணவுச் செலவும் குறையும். அத்துடன் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து இவ்வூர்கள் வழியாகக் கியூர்பீப் வரை 2022 முதல் மெட்ரோ தொடருந்து ஓடுகிறது. பஸ்கள் தீவு முழுவதும் போகின்றன, கட்டணத்தை நடத்துநரிடம் கொடுத்தால் போதும்; ஆனால் கிராமங்களுக்குச் செல்லும் பஸ்கள் அந்திக்குள் ஓய்ந்துவிடும். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கேட்டுவையுங்கள்.

தென்மேற்குப் பகுதிக்கு மட்டும் வாகனம் அமர்த்தாமல் போவது வீண் அலைச்சல். அங்கே நம்மைப் போலவே இடதுபுறம்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். சர்வதேச அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் தாமே ஓட்டலாம். சாரதியோடு அமர்த்துவதானால், நாள் முழுவதற்குமான தொகையையும் போகும் இடங்களையும் தாளில் எழுதிக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். எங்களை அழைத்துச் சென்ற ஒருவர், நாங்கள் சொன்ன இடங்களைச் சுருக்கிவிட்டு இரண்டு நினைவுப்பொருட் கடைகளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வைத்தார். வாய்மொழியாகப் பேசியிருந்ததால் எதையும் வலியுறுத்த முடியவில்லை.

நான்காம் படி: சுற்றும் ஒழுங்கு

முதல் நாளை எரிமலை வாயில் தொடங்குங்கள். கியூர்பீப் நகரின் விளிம்பிலேயே துரு ஓ செர் என்ற எரிமலை வாய் இருக்கிறது. சுமார் 300 மீற்றர் அகலமும் 80 மீற்றர் ஆழமும் கொண்ட வட்டக் குழி அது. சரிவெங்கும் மரங்கள் அடர்ந்திருக்க, அடியில் சேறு படிந்த சிறு நீர்நிலை தெரியும். விளிம்பைச் சுற்றி நல்ல பாதை உண்டு; நுழைவுக் கட்டணம் இல்லை. குழிக்குள் இறங்கும் சரிவு வழுக்கும் என்பதால் இறங்கவேண்டாம். அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கு மான்களின் குழி என்று பொருள். 1639-இல் ஒல்லாந்தர் யாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் பெயரே தீவெங்கும் ஊர்ப்பெயர்களில் தங்கியிருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் உடனே நெருக்கமாகிவிடும். ஆனால் நேரம் முக்கியம். நாங்கள் முதலில் பிற்பகலில் போனோம். மேகம் இறங்கிக் குழியை முழுதாக நிரப்பியிருந்தது, வேலியைத் தவிர எதையும் காணவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோதுதான், குழியின் அடிவரையும், திரும்பி நின்றால் சுற்றுமுள்ள மலைகளும் தெளிவாகத் தெரிந்தன. மேட்டுநிலத்து இடங்கள் எல்லாவற்றையும் காலையிலேயே பார்த்துவிடுவது என்று அன்றே முடிவுசெய்துகொண்டோம்.

இரண்டாம் நாள் தென்மேற்குக்கு. விடியலில் புறப்பட்டு முதலில் கிரான் பசான் ஏரிக்குப் போகவேண்டும். இதுவும் ஒரு பழைய எரிமலை வாயே. நீர் நிரம்பி ஏரியாயிற்று. 1972-இல் கங்கை நீர் கொண்டுவந்து இதில் கலக்கப்பட்டது; அதனால் கங்கா தலாவ், அதாவது கங்கைக் குளம், என்று அழைக்கிறார்கள். கரையைச் சுற்றிலும் கோவில்கள். வாசலில் 33 மீற்றர் உயரச் சிவன் சிலை. சிவராத்திரிக்குத் தீவின் எல்லாப் பக்கங்களிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் இங்கே கால்நடையாக வருவார்கள். சுற்றிப்பார்க்க மட்டும் போவோர் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே அடியவர்களுக்குச் செய்யும் மரியாதை. மற்ற நாட்களில், அதிகாலையில், மூடுபனி நீர்மேல் கிடக்கும்போது படித்துறையில் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். கோணேசர் மலையில் கடலின் மேலே செங்குத்தாக நின்று சிவனைத் தொழுத கண்களுக்கு, நெருப்பு வாயில் தேங்கிய நீரின் ஓரத்தில் அதே சிவனைக் காண்பது ஆழமான அனுபவம். கையில் உணவுப்பொதி வேண்டாம். குரங்குகள் பறித்துவிடும், அதற்கும் நமக்குப் பழக்கம் உண்டு.

அங்கிருந்து மேற்கே பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசிய பூங்கா. எரிமலை மேட்டை ஆறுகள் அறுத்துச் சென்ற பள்ளத்தாக்குகளை வீதியோரப் பார்வைத்தளத்திலிருந்தே காணலாம். தீவின் மிக உயர்ந்த சிகரமும் (828 மீற்றர்) இந்தப் பக்கத்திலேயே உள்ளது. காடு சிறிது, ஆனால் அதன் பறவைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1974-இல் நான்கே எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட மொரீசியஸ் வல்லூறும், 1990களின் தொடக்கத்தில் பத்து அளவுக்குச் சுருங்கிய இளஞ்சிவப்புப் புறாவும், கூண்டில் வளர்த்துக் காட்டில் விடும் பொறுமையான உழைப்பால் மீண்டன. மாடப்புறாக்களின் பெயரால் அழைக்கப்படும் புறாத்தீவை 2003-இல் தேசிய பூங்காவாகப் பெற்ற நம் மாவட்டத்தவர் அந்தப் புறாவைத் தேடிப் பார்க்கவேண்டும். மெதுவாக நடந்தால் கிளைகளில் தென்படும்.

பகல் ஏறுவதற்குள் ஷாமரெல் கிராமத்துக்கு இறங்கிவிடுங்கள். ஏழு வண்ண மண் என்று புகழ்பெற்ற இடம் இது. பசால்ட் என்னும் எரிமலைப்பாறை நீண்டகால மழையாலும் வெப்பத்தாலும் சிதைந்து களிமண்ணாகியபோது, கரையக்கூடிய கனிமங்கள் கழுவப்பட்டுப் போக, இரும்பு ஒக்சைட்டும் அலுமினிய ஒக்சைட்டும் எஞ்சின. இரும்பு மிகுந்த பகுதி சிவப்பும் பழுப்புமாகவும், அலுமினியம் மிகுந்த பகுதி நீலமும் ஊதாவுமாகவும் தெரிகிறது. மேடுகளில் புல்கூட முளைப்பதில்லை. இடம் பெரிதன்று, படங்களைப் பார்த்துவிட்டு மலைத்தொடரை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மரவேலிக்கு வெளியே நின்று, சாய்ந்த வெயிலில் நிழல்கள் மேடுகளில் படிவதைப் பார்த்தால்தான் நிறங்கள் பிரிந்து தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் வெளிறிவிடும். அதே வளாகத்தில் 80 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழும் நீர்வீழ்ச்சியும் உண்டு. நீரைவிட அது விழும் கரும்பாறைச் சுவரைக் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து உறைந்த குழம்பின் அடுக்குகள் அதில் வரிவரியாகத் தெரியும்.

மாலையில் லெ மோர்ன் மலையடிக்கு. கடலுக்குள் நீட்டிய முனையில் 556 மீற்றர் உயரத்துக்குத் தனித்து நிற்கும் பாறைமலை இது. கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட செய்தியைச் சொல்ல வந்த படையினரை, தம்மைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, பலர் உச்சியிலிருந்து பாய்ந்து உயிர்விட்டார்கள் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. 2008 முதல் இது யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னம். உச்சி வரை ஏற விரும்புவோர் வேறொரு நாளில், விடிவதற்கு முன், வழிகாட்டியோடு தொடங்கவேண்டும். மேற்பகுதி கைகளால் பற்றி ஏறவேண்டிய செங்குத்து, மழை பெய்திருந்தால் கைவிட்டுவிடுங்கள். இந்த மலைக்கு அருகே "கடலுக்கடியில் நீர்வீழ்ச்சி" என்று பரவும் படங்கள், கடலடிச் சரிவில் மணல் இறங்குவதால் உண்டாகும் தோற்றமே. அதுவும் வானிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாம் நாள் போர்ட் லூயி. இயற்கைத் துறைமுகம் ஒன்றின் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துறைமுகத்தோடு பழைய தொடர்பு உண்டு. 1781-இன் இறுதியில் இங்கிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைதான், தளபதி சுஃப்ரன் தலைமையில், 1782 ஆகஸ்ட் முடிவில் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியது. துறைமுக ஓரத்தில் ஆப்பிரவாசி காட் என்ற இடத்துக்கு முதலில் போங்கள். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. அவர்கள் இறங்கி ஏறிய கற்படிகள் இன்னும் இருக்கின்றன. படிகளும் எரிமலைக் கல்லால் ஆனவையே. மலையகத்துக்குக் கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம் மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். அந்தப் படிகளின் முன் நின்றபோது எனக்கு அவர்களின் நினைவே வந்தது. உள்ளே அருங்காட்சியகம் நன்றாக விளக்கப்பட்டுள்ளது. இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அழிந்துபோன டோடோப் பறவையின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். வடக்கே பாம்பிளமூஸ் தாவரவியற் பூங்காவில் தட்டுப் போன்ற பெரிய அல்லி இலைகளும், வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பூத்து மடியும் தாளிப்பனைகளும் உண்டு. அரை நாள் போதும்.

நான்காம் நாளைக் கோவில்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைநகரில் கைலாசம் என்று மக்கள் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலும், காத்ர் போர்ன் அருகே கோர் தெ கார்ட் மலைச்சரிவில் படியேறிச் செல்லும் முருகன் கோவிலும் தவறவிடக் கூடாதவை. மலைக்கோவிலின் படிகளில் நின்று திரும்பினால், கரும்பு வயல்களின் நடுவே பிரமிடுகள் போல அடுக்கிய கருங்கற் குவியல்கள் தெரியும்; நிலத்தைப் பயிருக்கு ஏற்றதாக்க, எரிமலைக் கற்களைக் கையால் பொறுக்கிக் குவித்தவர்கள் அந்தக் கூலிகளே.

ஐந்தாம் படி: பேச்சும் உணவும்

அங்குள்ள தமிழரோடு தமிழிலேயே பேசிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டுமொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், கடையில் பிரெஞ்சு, அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழைப் பாடசாலையில் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள், ஆனால் உரையாடல் பெரும்பாலோருக்குக் கைவராது. அதைக் குறையாகச் சுட்டிக்காட்டாதீர்கள். மூன்று, நான்கு தலைமுறைக்குப் பிறகும் பெயரையும் காவடியையும் கைவிடாதவர்கள் அவர்கள். பணத்தாள்களிலும் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வெளியான புதிய தாள்களில் தமிழின் இடம் பின்தள்ளப்பட்டதாக எழுந்த எதிர்ப்பால் அவை மீளப்பெறப்பட்டு மறுபடி அச்சிடப்பட்டன.

உணவில் நமக்குச் சிரமமே இல்லை. பருப்பு உள்ளே வைத்த மெல்லிய "தோல் பூரி" தெருவோரத்தில் இரண்டிரண்டாகக் கறி தடவிக் கிடைக்கும். "கத்தோ பிமா" என்பது நம் பருப்பு வடையே. சந்தையில் "பிரெத் முரூம்" என்று கேட்டால் முருங்கையிலை தருவார்கள். திருவிழா நாளில் கோவிலில் ஏழு கறியோடு வாழையிலையில் இட்ட சோறு கிடைத்தால் மறுக்காதீர்கள்.

ஆறாம் படி: கடலும் திரும்பும் நாளும்

கடலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், விமான நிலையம் தென்கிழக்கில் இருப்பதே. கடைசி இரண்டு இரவுகளை மஹேபூரில் தங்குங்கள். பக்கத்திலுள்ள புளூ பே கடற்பூங்காவில் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறி முருகைக்கற்களைப் பார்க்கலாம். புறாத்தீவில் மிதித்து உடைக்கப்பட்ட முருகைக்கற்களைப் பார்த்து மனம் வருந்தியிருப்போம். ஆகவே நீந்தும்போது எதன்மேலும் கால் ஊன்றாதீர்கள்.

ஒரு முற்பகலைத் தெற்கே சூயாக் ஊரின் கிரி கிரி கரைக்கு ஒதுக்குங்கள். தீவைச் சுற்றியுள்ள முருகைத்தொடர் அங்கே அறுந்திருப்பதால், தென்கடல் தடையின்றி வந்து கரும்பாறையில் மோதுகிறது. குளிப்பதற்கு அது இடமே அன்று. மேட்டிலிருந்து பார்ப்பதற்கு மட்டும். கோணேசர் மலையின் இராவணன் வெட்டில் நின்று கீழே அலை அடிப்பதைக் கேட்ட எவருக்கும் அந்த ஒலி தெரியும், ஆனால் அங்கே பாறை கறுப்பு, நுரை வெள்ளை, இடையில் வேறு நிறமே இல்லை.

சிப்பியையோ முருகைக்கல்லையோ நினைவுக்கென்று பொதியில் வைக்காதீர்கள். அது சட்டப்படி தடை, விமான நிலையச் சோதனையில் பிடிபடும். வனிலா மணம் சேர்த்த உள்ளூர்த் தேயிலையும், கரும்பிலிருந்து எடுத்த கருஞ்சீனியும் வாங்கிவரலாம். மஹேபூரிலிருந்து விமான நிலையம் மிக அருகில் என்பதால், அன்று காலை சந்தைக்குப் போய்வரவும் நேரம் கிடைக்கும்.